அம்மாவை உட்கார வைக்காதீர்கள்

நம் வீடுகளில் பெரியவர்களுக்கு 65 தாண்டிவிட்டால் போதும், அவர்கள் கையிலிருந்து வேலைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்துவிடுகிறோம். "நீங்க எதுக்கும்மா தூக்குறீங்க, வைங்க." "அப்பா, கடைக்கெல்லாம் போக வேணாம், பணிப்பெண் போயிட்டு வரட்டும்." குடிக்கிற தண்ணீர்கூட உட்கார்ந்த இடத்துக்கு வந்துவிடும். அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் வைத்துவிட்டு வந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். சோபாவிலிருந்து எழுந்தாலே மூன்று பேர் ஓடி வருவார்கள். இதற்குப் பெயர் பாசம், மரியாதை. சரி, பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் இதயத்துக்கு நாம் செய்கிற பெரிய கெடுதலும் இதுதான் என்பது என் கருத்து. கோபம் வந்தால் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

1966ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், 20 வயதை ஒட்டிய ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்து சோதித்தார்கள். 30 ஆண்டு கழித்து அதே ஐந்து பேரையும் கூப்பிட்டு மறுபடி அளந்தார்கள். முப்பது வருட முதுமை அவர்கள் உழைப்புத் திறனைக் குறைத்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது. அப்புறம் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். வயதால் இழந்த திறன் திரும்ப வந்தது. இதைப் படித்ததிலிருந்து "வயசாயிடுச்சு, ரெஸ்ட் எடுங்க" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்கிறது. வயது செய்வது பாதி, உட்கார வைப்பது பாதி.

அதற்கும் முன்னால், 1953ல், ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் ஈரடுக்குப் பேருந்து ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மாடிக்கு ஏறி ஏறி இறங்குவார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. அவர்கள் ஜிம்முக்கும் போகவில்லை, ஓடவும் இல்லை, பிழைப்புக்காக மாடிப்படி ஏறினார்கள், அவ்வளவுதான். உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் கவனிக்கத் தொடங்கியதே இங்கிருந்துதான். மோரிஸ் 99 வயது வரை இருந்தார்.

நமக்கு இது கூடுதலாக உறைக்க வேண்டும். சிங்கப்பூரில் நீரிழிவும் மாரடைப்பும் சீனர்களைவிட இந்தியர்களுக்கு அதிகம். தீபாவளி முறுக்கு, நெய்ச்சோறு பற்றியெல்லாம் எல்லோரும் எழுதியாயிற்று, நான் அந்தப் பக்கம் போகவில்லை.

"எங்க அப்பா தினம் நடக்கிறாரே" என்பார்கள். நடக்கிறார், பார்க்கிறேன். மாலை ஆறரைக்கு, பூங்காக்களை இணைக்கும் பார்க் கனெக்டர் நடைபாதையில் போய்ப் பாருங்கள். ஒரு கையில் போன், வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ, நாலடிக்கு ஒரு நிறுத்தம். ஒன்றுமில்லாததற்கு அது மேல், ஆனால் இதயத்துக்கு அதில் வேலையே இல்லை. எளிய அளவுகோல் ஒன்று உண்டு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. என் அம்மாவும் அவர் தோழியும் எங்கள் வட்டாரமான ஈசூனில் குளத்தைச் சுற்றி நடப்பார்கள். ஆரம்பத்தில் ஒரு சுற்றுக்குள் முந்தின நாள் சீரியல் மொத்தமும் வசனத்தோடு ஓடிவிடும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள் என்று சொன்னேன். இப்போது கதை "அந்த மருமக... நகைய... எடுத்துட்டு..." என்றுதான் வருகிறது. தோழிக்குக் கதை புரியவில்லை என்ற குறை இருக்கிறது. எனக்குத் திருப்தி.

அந்த மாதிரி வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. ஒரேயடியாக நடக்க வேண்டியதில்லை, பத்துப் பத்து நிமிடமாகவும் பிரிக்கலாம். தினமும் பத்தாயிரம் அடி எடுத்துவைக்க வேண்டும் என்ற எண்ணை நினைத்துப் பயப்படவும் வேண்டாம். அது 1965ல் ஜப்பானில் விற்ற, அடிகளை எண்ணும் ஒரு கருவியோடு பரவிய எண். 2022ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிக்குள்ளேயே பலன் பெரும்பாலும் கிடைத்துவிடுவதாகத் தெரிந்தது. நடந்தால் வவுச்சர் தரும் ஹெல்தி 365 செயலியில் அந்த வவுச்சருக்காகவே நடக்கிறார்கள் என்று சிலர் கிண்டல் செய்கிறார்கள். வவுச்சருக்காக நடந்தாலும் நடைதானே!

நாம் சுத்தமாக மறந்துவிடுவது கால் பலத்தை. நடை மட்டும் போதாது. 65க்கு மேல் வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும், தடுமாறாமல் நிற்கும் பயிற்சி மூன்று நாள் வேண்டும் என்கிறது அதே நிறுவனம். தசைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மாமா ஒருவர் கேட்டார். பழகிய தசை ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும், அதனால் அதே மாடிப்படிக்கு இதயம் அவ்வளவு பதறித் துடிக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே சோதிக்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை மார்பில் குறுக்கே கட்டி, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 70 முதல் 74 வயதுக்குள் பெண்ணுக்கு 10க்குக் கீழே, ஆணுக்கு 12க்குக் கீழே என்றால் கால் பலவீனம் என்று அர்த்தம். தினமும் நடக்கிற என் பெரியப்பா ஏழில் நின்றுவிட்டார். அவருக்கே அதிர்ச்சி.

இனிமேல் எங்கே பலம் ஏறப்போகிறது என்று கேட்காதீர்கள். 1990ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், 90 வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். தொடைத் தசையின் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இங்கே 65 வயதைத் தாண்டிய குடிமக்கள் அரசின் ஆக்டிவ்எஸ்ஜி உடற்பயிற்சிக்கூடத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் இலவசமாகவே போகலாம். அதுவும் வேண்டாம், தேக்கா சந்தையில் வாங்கிய காய்கறிப் பையில் ஒன்றை அம்மாவே தூக்கி வரட்டும். பிடுங்காதீர்கள்.

இதில் மாயம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்தே பழகிய இதயம் வயதாக ஆக விறைத்துப்போகிறது. 70 வயதை ஒட்டியவர்களுக்கு ஒரு வருடம் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் உடல் திறன் கூடியது, ஆனால் அந்த விறைப்பு பெரிதாக இளகவில்லை. 45 முதல் 64 வயதுக்குள் இருந்தவர்கள் இரண்டு வருடம் விடாமல் செய்தபோது விறைப்பும் குறைந்தது. 2018ல் வந்த முடிவு இது. அம்மாவை விரட்டுகிற ஐம்பது வயது மகன்களே, முதலில் நீங்கள் எழுந்திருங்கள்.

ஸ்டென்ட், பைபாஸ், இதய வால்வு பிரச்சினை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆனால் "எதைச் செய்யக் கூடாது" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், "எவ்வளவு செய்யலாம்" என்றும் கேளுங்கள். இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்பினால் தயவுசெய்து போங்கள். பைசோப்ரொலால் மாதிரி, இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது, கைக்கடிகாரத்தின் எண்ணை நம்ப முடியாது. அவர்களுக்கு அந்தப் பேச்சு, பாட்டு சோதனைதான் சரி. இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை திடீரென்று இறங்கினால் சாப்பிட, பையில் இனிப்பு வைத்திருக்க வேண்டும். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, திடீர் மூச்சுத்திணறல் வந்தால் அங்கேயே நிறுத்தி ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டும். நீரிழிவுக்காரர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும்.

கடைசியாக ஒரு மனக்குறை. எங்கள் வட்டாரத்தில் மூத்தோருக்கான நிலையம் ஒன்றில் நாற்காலிப் பயிற்சி வகுப்பு நடக்கிறது. நல்ல வகுப்பு, ஆனால் முழுக்க மாண்டரினில். அம்மா பின்வரிசையில் நின்று முன்னால் இருப்பவரைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார். முட்டியை எங்கே மடக்க வேண்டும், எப்போது மூச்சு விட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் போய்ச் சேருவதில்லை. கூட வந்த இரண்டு ஆன்ட்டிகள் நின்றுவிட்டார்கள். கேட்டதற்கு, தமிழில் நடத்த ஆள் கிடைத்தால் நேரம் ஒதுக்குகிறோம் என்றார்கள். நியாயமான பதில்தான். ஈசூன் பக்கம், உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கப் பயிற்சி பெற்ற, தமிழ் பேசும் தொண்டூழியர் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள், நானே கூட்டிப்போய் அறிமுகம் செய்து வைக்கிறேன். அந்த இரண்டு ஆன்ட்டிகளையும் திரும்ப அழைத்து வருவது அம்மாவின் பொறுப்பு.