லியோனில் ராத்திரிச் சாப்பாட்டை விடுங்கள், மதியம் போங்கள்

“லியோன் போகிறேன், எங்கே சாப்பிடலாம்?” என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் போட்டுக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். என் கட்சி இதுதான்: பிரான்சில் இருக்கும் அந்த ஊரின் நல்ல சாப்பாடு வேலைநாள் மதியத்தில் இருக்கிறது. சனிக்கிழமை இரவில் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

காரணம் எளிது. பூஷோன் என்று அங்கே சொல்லும் பழைய சாப்பாட்டுக் கடைகள் பல, சனி ஞாயிறு பூட்டியிருக்கும். அக்கம்பக்கத்து அலுவலகக்காரர்களும் வியாபாரிகளும்தான் அவர்களுக்கு வாடிக்கை. வெளியூர்க்காரர்கள் வந்து குவியும் வார இறுதியில் அவர்கள் வீட்டில் இருப்பார்கள். அந்தக் கூட்டத்தை அள்ளுவது சான் ழான் தெருவும் மெர்சியேர் தெருவும். அங்கே பத்தடிக்கு ஒரு பூஷோன், வாசலிலேயே நாலு மொழியில் பட்டியல். அப்படி ஒரு கடையில் நான் கேட்ட கெனெல் என்ற மீன் பண்டம், தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் மேசைக்கு வந்துவிட்டது. அப்போதே தெரிந்துபோனது.

கெனெல் அவசரத்தில் வரும் பண்டமே இல்லை. பைக் என்ற ஆற்று மீனில் முள் அதிகம். சதையை அரைத்துச் சலித்து, மாவும் வெண்ணெயும் முட்டையும் சேர்த்துப் பிசைந்து உருட்டுவார்கள். அப்புறம் ஆற்றுச் சிங்கி இறாலின் ஓட்டை வெண்ணெயில் வதக்கிச் செய்த நாந்துவா சாஸில் மிதக்கவிட்டு அடுப்பில் வைப்பார்கள். உள்ளே போனது இரண்டு மடங்காக உப்பி, மேலே லேசாகச் சிவந்து, ஓரமெல்லாம் கொப்பளித்துக்கொண்டு வெளியே வரும். கரண்டி வைத்தால் எதிர்ப்பே இருக்கக் கூடாது. வந்த சூட்டில் சாப்பிடுங்கள், பேசிக்கொண்டிருந்தால் அமுங்கிவிடும். கல் மாதிரி இருந்தால் அது ஆலையில் செய்தது.

பூஷோன் என்று பலகை மாட்ட யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் 2012இல் ஒரு சங்கம் அமைத்து, தரம் பார்த்துச் சான்று கொடுக்கத் தொடங்கினார்கள். வாசலில் அந்த ஒட்டி இருந்தால் ஓரளவு தைரியமாக நுழையலாம். 2014இல் வந்த, ‘வீட்டுச் சமையல்’ என்பதைக் குறிக்கும் கூரை போட்ட பாத்திரச் சின்னத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். உறையவைத்த பச்சைப் பொருளைக் கொண்டு சமைத்தாலும் அந்தச் சின்னத்தைப் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது!

பெயர் சொல்லாமல் விடமாட்டீர்கள். லெ கரே எனக்குப் பிடித்த இடம். ஒபேரா பக்கத்துச் சந்தில், முழங்கை இடிக்கும் நெருக்கத்தில் மேசைகள். நாஜிகளை எதிர்த்த ரகசிய இயக்கத்தின் தலைவர் ழான் மூலான் 1942இல் சாப்பிட்ட கடை. கொஞ்சம் பளிச்சென்று வேண்டுமானால் தானியேல் எ தெனீஸ். வைன் கேட்டால் அடி தடித்த 46 சென்டிலிட்டர் புட்டியில் வரும், இரண்டு பேருக்குத் தாராளம். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். ‘காராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தந்தாக வேண்டும்.

இது பெரும்பாலும் உள்ளுறுப்புச் சமையல் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தப்லியே தெ சப்பர் என்பது மாட்டு இரைப்பையை வெள்ளை வைனில் ஊறவைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. போட்டி வறுவலை ரசித்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமாக இருக்காது. ஆன்டுயெட் பன்றிக் குடலில் செய்த சாசேஜ், வாசனை தூக்கும், எனக்கே ஒரு எல்லைக்கு மேல் முடியாது. மாடும் பன்றியும் வேண்டாம் என்பவர்கள் கெனெலோ, வினிகரில் வேகவைத்த கோழியோ கேளுங்கள். சுத்த சைவம் என்றால் பூஷோன் பக்கமே போக வேண்டாம். ரோன் ஆற்றைத் தாண்டி கியோத்தியேர் பகுதிக்குப் போய்விடுங்கள். வட ஆப்பிரிக்க, வியட்நாமிய, சீனக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பர்ஸும் தப்பிக்கும்.

நட்சத்திர உணவகம் பற்றியும் கேட்கிறார்கள். ஊர் முழுக்க போல் பொக்யூஸ் என்ற பிரபல சமையல்காரரின் பெயர்தான். ஆனால் அவரே இளவயதில் வேலை கற்றுக்கொண்ட அடுப்படிகளில் ஒன்று யூஜெனி பிராசியே என்ற அம்மையாருடையது. பண்ணை வேலைக்காரியாக இருந்தவர், 1921இல் ருவாயால் தெருவில் கடை போட்டார். 1933இல் அவருடைய இரண்டு கடைகளுக்கும் மிஷெலின் உணவக வழிகாட்டியின் உச்ச மதிப்பான மூன்று மூன்று நட்சத்திரம். இந்த ஊர்ச் சமையலுக்குப் பெயர் வாங்கித் தந்தது இப்படிப்பட்ட பெண்கள். பெரிய தொகை செலவழித்தே தீருவேன் என்றால் அந்த ருவாயால் தெருக் கடையிலேயே செலவழியுங்கள், இன்றும் நடக்கிறது.

பார்-தியே பக்கம் இருக்கும், பொக்யூஸ் பெயர் தாங்கிய மூடிய சந்தை கண்ணுக்கு அழகு, விலை சுள்ளென்று இருக்கும். அங்கே ஒரு சான் மார்செலான் பாலாடைக்கட்டி மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அதைவிட சோன் ஆற்றங்கரையில் சான்-அந்த்வான் சந்தை எவ்வளவோ மேல். திங்கள் தவிர எல்லாக் காலையும் உண்டு. ரொட்டி, சீவிய ரோசெட் சாசேஜ், பருவத்துப் பழம் வாங்கிக் கரைப் படியிலேயே உட்கார்ந்துவிடலாம்.

மதியச் சாப்பாடு 12 மணிக்குத் தொடங்கும். ஒன்றரைக்கு மேல் போய் நின்றால் சமையல்காரர் முகம் மாறும், நேரத்தோடு போங்கள், முன்பதிவும் செய்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு ரயிலில் வந்து இறங்கிப் பசியோடு நிற்கிறீர்களா? பெராஷ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே 1836இல் தொடங்கிய பிராஸ்ஸரி ஜார்ஜ் இருக்கிறது. கல்யாண மண்டபம் போலக் கூடம், நூற்றுக்கணக்கான இருக்கை, இடம் கிடைத்துவிடும். பியரும், புளித்த முட்டைக்கோஸோடு இறைச்சி சேர்த்த ஷூக்ரூத்தும் சொல்லுங்கள், கெனெலைத் திங்கள் மதியம் பார்த்துக்கொள்ளலாம்.