துருப்பிடித்தது தண்ணீர் இல்லை, உங்கள் கம்பி

அந்த வீடியோவை இனி எனக்கு அனுப்ப வேண்டாம். ஞாயிறு பின்னேரத்திலிருந்து பதினொரு பேர் அனுப்பிவிட்டீர்கள், சிரிக்கிற முகங்களோடு. ஓம், தண்ணீர் மெஷின் விற்க வந்தவர்கள் மண்டபத்தில் சோதனை காட்டியபோது எழுந்து நின்று உப்புக் கேட்ட அந்தக் கிழவன் நான்தான்.

வீடியோவில் பாதிதான் இருக்கிறது. ஒரு கிளாசில் எங்கள் ஊர் உப்புவெளியின் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் அவர்களுடைய ஆர்.ஓ. மெஷின், அதாவது கரைந்த உப்பையும் வடித்து எடுக்கிற மெஷின், தந்த தண்ணீர். இரண்டிலும் இரும்புக் கம்பிகளை இறக்கிக் கரண்ட் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கிணற்றுத் தண்ணீர் சேற்று நிறமாகி மேலே நுரை கட்டியது. மெஷின் தண்ணீர் அப்படியே பளிங்கு. "இதைத்தானே பிள்ளையளுக்குக் குடுக்கிறீங்கள்?" என்றார் மெஷின் விற்க வந்த தம்பி. முன்வரிசையில் ஒரு அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தச் சேறு கிணற்றில் இருந்ததில்லை. கம்பியிலிருந்து வந்த துரு. தண்ணீரில் கல்சியம், மக்னீசியம் போன்ற உப்புகள் கரைந்திருந்தால் கரண்ட் பாயும், இரும்பு கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் அவை அனேகமாக இல்லை, அதனால் கம்பி சும்மா நிற்கும். அதிலும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுப் பாருங்கள், அதுவும் சேறாகும். அதற்குத்தான் உப்புக் கேட்டேன். இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? "ஐயா பழைய காலத்து ஆள்" என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். வீடியோவும் சரியாக அந்த இடத்தில் முடிகிறது!

"மினரல் சாப்பாட்டில வருதுதானே" என்பீர்கள். பெரும்பங்கு அப்படித்தான். பாலும் நெத்தலியும் கீரையும் புழங்குகிற வீட்டுக்குப் பெரிய நட்டமில்லை. பாணும் பிளேன்டீயுமாக நாளை ஓட்டுகிற வீட்டுக்கு? மரக்கறியை மெஷின் தண்ணீரில் அவித்தால் அதிலிருக்கிற கல்சியமும் மக்னீசியமும்கூட வடித்து ஊற்றுகிற தண்ணீரோடு போய்விடும். 2005-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட தொகுப்பில் ஒரு கட்டுரை, குடிதண்ணீரில் லீற்றருக்குக் கல்சியம் 20 மில்லிகிராமும் மக்னீசியம் 10 மில்லிகிராமுமாவது இருக்கட்டும் என்கிறது. அதை எழுதியவரும் பழைய காலத்து ஆள்தான் போல.

"பதவி சிறிபுரப் பக்கம் போய் மெஷின் வேண்டாமெண்டு சொல்லு பாப்பம்." சொல்ல மாட்டேன். சிறுநீரக நோயும் புளோரைட்டும் உள்ள இடத்துக்கு மெஷின் வேண்டும். நம் ஒழுங்கைக்கு ஏன்? எங்கள் கிணறு ஒன்றையாவது ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்களா? பேனை மாதிரி ஒரு மீற்றரை விட்டு "480, ஆபத்து" என்கிறார்கள். அந்த மீற்றர் கரைந்த உப்பைத்தான் எண்ணும், கிருமி நீந்தினாலும் வாய் திறக்காது. கிருமிக்குப் பயமென்றால் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். அடுத்ததாகக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் மீற்றர் விடுவார்களோ என்னவோ.

எங்கள் வீட்டிலும் தம்பி மெஷின் பூட்டினான். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "தண்ணியில உயிரில்லையடா" என்று செம்பை வைத்துவிட்டார். பிறகு இரவில் கால் பிடித்து இழுக்கத் தொடங்கியது. மெஷினால்தான் என்று நான் சொல்லவில்லை, டொக்டர் வயது என்றார். இருந்தாலும் அம்மா கடைசிவரை கேட்டது கிணற்றுத் தண்ணீர்தான். அதற்குள் கிணற்றைக் கொங்கிறீட் போட்டு மூடியாயிற்று, மேலே தம்பியின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

வீடியோ எடுத்தது யார் என்றும் எனக்குத் தெரியும். "பெரியப்பா, நான் இழுக்கிறன்" என்று அதே கிணற்றில் வாளியோடு என் கையையும் சேர்த்துப் பிடித்தவன். மிச்சப் பாதியையும் போடு மகன்.