பாதியில் நின்றவரிடம் யார் கேட்கிறார்கள்?

சிகிச்சை தந்தவர்களே நீட்டுகிற ஒரு தாளை வைத்துக்கொண்டு அந்தச் சிகிச்சையின் தரத்தை அளந்துவிட முடியாது. குடி, போதைப்பொருள், சூதாட்டம் என்று எதிலிருந்து மீள வருகிறவராக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன். வெகுநாளாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம், இன்று எழுதிவிடுகிறேன்.

என் அண்ணன் குடியை விடுவதற்காக ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார். நிலையத்தின் பெயர் வேண்டாம். அங்கே வேலை பார்ப்பவர்கள் நல்லவர்கள். ஒருநாள் நானும் உடன் போயிருந்தேன். ஆலோசகரைப் பார்த்துவிட்டு வந்ததும் தாதி ஒரு கருத்துப் படிவத்தைக் கொடுத்தார். இடம் சுத்தமாக இருந்ததா, ஊழியர்கள் மரியாதையாகப் பேசினார்களா, அதிக நேரம் காத்திருந்தீர்களா, மற்றவர்களுக்கு இந்த நிலையத்தைப் பரிந்துரைப்பீர்களா. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். அண்ணன் சட்டைப் பையிலிருந்த கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. வலது ஓரத்துக் கட்டங்களில் மேலிருந்து கீழாக விறுவிறுவென்று டிக் போட்டார். தாதி பக்கத்திலேயே நின்று தாளுக்காகக் காத்திருந்தார். அடுத்த முறையும் அந்தத் தாதியிடம்தான் அண்ணன் போய் நிற்க வேண்டும்.

வெளியே பஸ் நிறுத்தத்தில்தான் உண்மையான கருத்து வந்தது. “ஆலோசகர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், தங்கச்சி. புதிதாக வருகிறவரிடம் மறுபடியும் ஆதியிலிருந்து சொல்ல வேண்டும். அப்பா போனது, வேலை போனது, மகன் என்னோடு பேசாதது, எல்லாவற்றையும். சொல்லிவிட்டு வெளியே வந்தால் நேரே கோப்பிக்கடைக்குப் போய் ஒரு பீர் வாங்கத்தான் தோன்றுகிறது.” அந்தப் படிவத்தில் இதைச் சொல்ல இடமே இல்லை. கொஞ்ச காலத்தில் அவர் போவதை நிறுத்திவிட்டார். தவறிய சந்திப்பை நினைவூட்டிக் குறுஞ்செய்தி வந்தது. ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் போட்டுவைத்த முழு மதிப்பெண்கள் மட்டும் ஏதோ ஓர் அறிக்கையின் சராசரியில் சேர்ந்திருக்கும்.

பந்தியில் கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்களிடம் மட்டும் சாப்பாடு எப்படி என்று விசாரித்துவிட்டு, பாதியில் எழுந்துபோனவர்களை விட்டுவிடுகிற கணக்கு இது.

படிவங்களின் இந்தக் குறை மருத்துவ உலகத்துக்குத் தெரியாததன்று. 1979இல் அமெரிக்காவில் உருவான, எட்டே கேள்விகள் கொண்ட மனநிறைவுப் படிவம் ஒன்று இன்றும் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. இத்தகைய படிவங்களில் பெரும்பாலோர் உயர்ந்த மதிப்பெண்களையே போட்டுவிடுகிறார்கள், அதனால் நல்ல சிகிச்சையையும் சுமாரான சிகிச்சையையும் பிரித்துப் பார்ப்பது கடினம் என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2016இல், போதையிலிருந்து மீள்வதை அளக்க ‘ஷூர்’ என்றோர் அளவுகோலை வெளியிட்டார்கள். எனக்கு அதில் பிடித்தது, கேள்விகளை உருவாக்கும் வேலையில் போதையிலிருந்து மீண்டுகொண்டிருப்பவர்களையே சேர்த்துக்கொண்டது. மொத்தம் 21 கேள்விகள். குடித்தீர்களா, போதைப்பொருள் எடுத்தீர்களா என்பதோடு அது நின்றுவிடவில்லை. நன்றாகத் தூங்குகிறீர்களா, ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, தங்குவதற்கு நிலையான இடம் உண்டா, பணத்தைச் சமாளிக்க முடிகிறதா, சுற்றி இருப்பவர்களோடு உறவு எப்படி என்று வாழ்க்கையைக் கேட்கிறது. மகன் பேசுகிறானா என்பதுதான் என் அண்ணனுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய அளவுகோல்.

சிங்கப்பூரில் பொதுவெளியில் நம் காதில் அதிகம் விழுவது சிறைத்துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஈராண்டு மறுகுற்ற விகிதம். அது தேவையான புள்ளிவிவரம்தான். ஆனால், வெளியே வந்தவர் இரண்டு ஆண்டுகளுக்குள் மறுபடி உள்ளே போனாரா என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. வீட்டுக்குள் குடித்தே அழிகிறவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்.

போதைப்பொருள் விஷயத்தில் மனம் திறப்பது இன்னும் கடினம். இங்கே அதை உட்கொள்வதே குற்றம். ஒருவர் போதைப்பொருளுக்கு அடிமையானவர் என்று சந்தேகித்தால், மருத்துவர் ஏழு நாள்களுக்குள் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்த விதியைப் பற்றி இங்கே நான் வாதாட வரவில்லை. அந்த விதி தெரிந்த ஒருவர், தன் பெயரும் அடையாள அட்டை எண்ணும் இருக்கிற கோப்புக்குப் பக்கத்திலே வைத்து நீட்டப்படும் படிவத்தில் மனத்தில் உள்ளதை எழுதுவாரா? 2019இல் சட்டம் திருத்தப்பட்டது. வேறு குற்றம் எதுவும் செய்யாமல் போதைப்பொருள் உட்கொண்டதற்காக மட்டும் திரும்பத் திரும்பப் பிடிபடுகிறவர்களும் இப்போது நீண்டகாலச் சிறைக்குப் பதிலாக மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். நல்ல முடிவு. மறுவாழ்வை நம்பி இத்தனை பேரை அனுப்பும்போது, அங்கே நடப்பது உதவுகிறதா என்று அவர்கள் வாயாலேயே கேட்பது இன்னும் அவசியமாகிறது.

“குடிகாரன் சொல்வதை நம்பி மருத்துவத்துக்கு மார்க் போடுவதா?” என்று உறவினர் ஒருவர் கேட்டார். கண்டிப்பான ஆலோசகருக்குக் குறைந்த மதிப்பெண்ணும், தலையாட்டிவிட்டு அனுப்புகிறவருக்கு அதிக மதிப்பெண்ணும் விழலாம் என்ற கவலை நியாயமானதே. நோயாளியின் கருத்து மட்டும் போதும் என்று நானும் சொல்லவில்லை. சிறுநீர்ப் பரிசோதனை இருக்கட்டும், மருத்துவரின் மதிப்பீடும் இருக்கட்டும். ஆனால் ஆலோசகர் மாறும்போதெல்லாம் காயத்தைக் கீறிக் காட்ட வேண்டியிருந்தது என்பதை எந்தப் பரிசோதனைக் குழாய் சொல்லும்? அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்தான் சொல்ல முடியும்.

நம் தமிழ்க் குடும்பங்களில் இதற்கு மேல் மானப் பிரச்சினை வேறு. பக்கத்து புளோக்காரர் பார்த்துவிடுவாரோ, கோயிலில் பேச்சு வருமோ என்று அஞ்சியே பலர் சிகிச்சைக்குத் தாமதமாகப் போகிறார்கள். அப்படித் தயங்கித் தயங்கி உள்ளே போனவரிடம் ஆங்கிலப் படிவத்தைக் கொடுத்தால் அவர் டிக் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். தமிழில், எழுத்தில் கேட்பதைவிடப் பேச்சில் கேட்டால், கொட்டித் தீர்ப்பார்.

சிகிச்சை நிலையங்களை நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். சந்திப்புகளுக்கு வராமல் நின்றுபோனவர்களின் பட்டியலை எடுங்கள். நிலையத்தோடு தொடர்பில்லாத ஒருவரை, அவரவர் மொழியில், சில மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிடச் சொல்லுங்கள். சொன்னவர் யார் என்பது ஆலோசகருக்குப் போகக் கூடாது. சொன்ன விஷயம் போக வேண்டும். கிடைத்த பதில்களையும், அதனால் எதை மாற்றினீர்கள் என்பதையும் காத்திருப்பு அறைச் சுவரில் ஒட்டுங்கள். சிலர் போனை எடுக்க மாட்டார்கள். சிலர் திட்டுவார்கள். எதற்காகத் திட்டினார்கள் என்பதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.