எடைமேடையை யார் பார்க்கிறார்கள்?

சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணி 2025இல் தனியாரிடம் சென்றதை, செலவு குறையும் என்ற ஒரே காரணத்தால் நான் படித்த ஒரு கட்டுரை வரவேற்கிறது. அந்த மாற்றத்தை எதிர்த்து, மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் அமர்ந்திருந்த பணியாளர்களின் அச்சத்தை அது பொருட்படுத்தவில்லை.

1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் விளம்பரம் முதல் ஏற்பு வரை முறை வகுத்திருக்கிறது. முறைகேடோ பெரும்பாலும் பணி தொடங்கிய பிறகு, பணம் கேட்டு ஒப்பந்ததாரர் தரும் மாதப் பட்டியலில்தான் நுழைகிறது. அள்ளிய குப்பைக்கு டன்னுக்கு இவ்வளவு என்று பணம் தந்தால், கட்டட இடிபாட்டைக் குப்பையோடு கலந்து எடைமேடையில் ஏற்றினாலே தொகை கூடிவிடும். செயல்பாட்டுக்கு மதிப்பெண் இட்டுப் பணம் தந்தால், மதிப்பெண் இடுபவரைச் சரிக்கட்டினால் போதும். மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே பணி என்னும்போது, அவர் விட்டுக்கொடுத்த தொகையை ஆள் கணக்கிலும் கூலியிலும் ஈடுகட்டவே முனைவார்.

வண்ணாரப்பேட்டையில் வசிக்கும் என் சித்தி, ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஒப்பந்தத் துப்புரவாளராக இருந்தார். அங்கே 8 பேர் கூட்டிய மாடிகளுக்கு வருகைப் பதிவேட்டில் 12 பெயர்கள் இருந்ததை அவரே கண்டார். கேள்வி கேட்ட மறுமாதமே வேலை போயிற்று. நிரந்தரப் பணியாளர் என்றால் அப்படி ஒரே வார்த்தையில் அனுப்பிவிட முடியாது.

எனவே ஒப்பந்த நகல், வார்டு வாரியான பணியாளர் எண்ணிக்கை, எடைச்சீட்டு, விதித்த அபராதம் ஆகியவற்றை மாதந்தோறும் மாநகராட்சி இணையதளத்திலும் வார்டு அலுவலகப் பலகையிலும் வெளியிட வேண்டும்.