அந்த மதிப்பெண் ஜோசியம் அல்ல
"சிறுவயதுப் பாதிப்புக் கேள்விகளில் 4 மதிப்பெண்ணுக்கு மேல் போனால் ஆள் அவ்வளவுதான், அவர் கோபத்துக்கு அவர் பொறுப்பில்லை" என்று ஒரு பதிவில் படித்தேன். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

1998-இல் அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா குழு வெளியிட்ட ஏசிஇ (ACE, சிறுவயதுப் பாதிப்பு அனுபவங்கள்) ஆய்வு அது. சிறுவயதில் அடி, திட்டு போன்றவை நேர்ந்தனவா என்று கேட்டு, ஒவ்வொரு வகைப் பாதிப்புக்கும் 1 மதிப்பெண் போடுவார்கள். மதிப்பெண் கூடக்கூட நோய், மனச்சோர்வு வாய்ப்பு கூடுகிறது என்பது ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் போட்ட கணக்கு. அடி ஒருமுறை விழுந்ததா, பத்து வருடம் விழுந்ததா என்று அது பிரித்துப் பார்க்காது, இரண்டுக்கும் 1தான். அரவணைக்கப் பாட்டி ஒருவர் இருந்தாரா என்றும் கேட்காது. தனி ஆளை எடைபோட இதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2020-இல் ஆண்டாவே எச்சரித்து எழுதினார்.

அப்புறம் பொறுப்பு. காயம் நம் குற்றமில்லை, சரி. (எனக்கு 5, அதனால்தான் இவ்வளவு பேசுகிறேன்.) ஆனால் டம்ளரைத் தட்டிவிட்ட மகளிடம் நான் கத்தியபோது சுருண்டு நின்றது அவள், என்னைக் காயப்படுத்திய என் அப்பா இல்லை. மனநல ஆலோசனைக்குப் போய்ச் சில மாதங்கள் ஆன பிறகுதான், "கத்தினது என் தப்பு" என்று அவளிடம் போய்ச் சொல்ல வாய் வந்தது.