அமுக்கரா கேப்சூல் வாங்குறவங்க டப்பாவைத் திருப்பிப் படிங்க

புளியரை தாண்டி ஆரியங்காவு, புனலூர் போனாலும் சரி, இந்தப் பக்கம் செங்கோட்டை, தென்காசியிலும் சரி, நாட்டு மருந்துக் கடையில் அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, வாங்கும் நம்ம ஆட்கள் வேரை ஒடித்துப் பார்க்காமல் காசு கொடுக்க மாட்டார்கள். பட்டென்று ஒடியணும், உள்ளே மாவு மாதிரி வெள்ளையாக இருக்கணும், பூச்சி அரித்திருந்தால் "வேற எடுங்க அண்ணாச்சி"தான். அதே ஆட்கள் ஆன்லைனில் கேப்சூல் வாங்கும்போது மட்டும் 500 மில்லிகிராமா, 1000 மில்லிகிராமா, எது மலிவு என்று பார்த்து ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். என்ன கணக்கோ!

மில்லிகிராம் வெறும் எடை. மஞ்சளையே எடுத்துக்குவோம். சாதாரண மஞ்சள் தூளில் அதன் முக்கியச் சத்தான குர்குமின், அதன் இனத்துப் பங்காளிகள் இரண்டையும் சேர்த்தே, சுமார் 3 சதவீதம், ஆக 500 மி.கி. தூள் அடைத்த கேப்சூலில் 15 மி.கி. தேறும். அந்தச் சத்தைப் பிரித்தெடுத்த 95 சதவீத எக்ஸ்ட்ராக்ட் என்றால் அதே எடையில் 475. ஆனால் இரண்டு டப்பாவிலும் முன்பக்கம் அதே மஞ்சள் கிழங்குப் படம்தான். அந்த 95-லும் கள்ளம் உண்டு, பெட்ரோலிய மூலப்பொருளில் செய்த செயற்கைக் குர்குமினைக் கலக்கிறார்கள். கிழங்கிலிருந்து எடுத்ததில் குர்குமினோடு அந்தப் பங்காளிகள் இரண்டும் சேர்ந்தே வரும்; ஆய்வக ரிப்போர்ட்டில் குர்குமின் மட்டும் தனியாக நின்றால் நான் வாங்க மாட்டேன்.

அமுக்கராவில் சிக்கல் வேறு. நம் வைத்தியத்தில் உள்ளுக்குக் கொடுப்பது பெரும்பாலும் வேர். அமுக்கராவின் முக்கியச் சத்தான விதனோலைடு இலையிலும் இருக்கிறது, மலிவாகவும் கிடைக்கும், அதனால் சதவீதத்தை ஏற்றிக் காட்ட இலையைச் சேர்க்கிறார்கள். 2021-ல் ஆயுஷ் அமைச்சகமே தயாரிப்பாளர்களிடம் இலையைத் தவிர்க்கச் சொன்னது. இலை சேர்த்தாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. பிராண்டு பெயரில் வரும் எக்ஸ்ட்ராக்ட்களில் கேஎஸ்எம்-66 வேர் மட்டும், சென்சோரில் வேரும் இலையும், இரண்டுமே அதை வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்கிறார்கள். என் ஓட்டு வேருக்கு. எனக்கு எரிச்சல், "சுத்தமான அஸ்வகந்தா" என்று மட்டும் போட்டுவிட்டு எந்தப் பாகம் என்று மூச்சே விடாத டப்பாக்கள் மேல்தான். விதனோலைடு 5 சதவீதம் என்று போட்டிருந்தாலும் எந்த முறையில் அளந்தது என்று பாருங்கள், சத்துகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் அளந்ததும் பழைய எடை முறையில் அளந்ததும் ஒன்றில்லை, எடை முறையில் எண் கூடுதலாகவே வரும்.

அப்புறம், மூலிகைதானே என்று அலட்சியமும் வேண்டாம், அமுக்கரா சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள்.

வேரா இலையா, எங்கே வாங்கிய சரக்கு, அந்த பேட்சின் ரிப்போர்ட் கிடைக்குமா என்று ஒரு கம்பெனிக்கு மெயில் போட்டேன். பதிலுக்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள்.