ஈஸ்டரோடு நிறுத்திவிட்டீர்கள்

சனிக்கிழமை நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் பொறுத்தேன். முடியவில்லை. யார், எங்கே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். திரையிடலில், பண்டிகைக்கு ஒரு கதையாக வரும் 'ஹாலிடேஸ்' என்ற திகில் படத்தை மூன்றாவது கதையான ஈஸ்டரோடு நிறுத்தி விளக்கைப் போட்டீர்கள். "பண்டிகையைக் கேவலப்படுத்துது, கிறிஸ்தவங்க மனசு புண்படும்" என்றீர்கள். வரிசைக்கு வரிசை தலைகள் இருந்தன. ஒரு கிறிஸ்தவனிடமாவது கேட்டீர்களா? நான் இரண்டாவது வரிசையில்தான் இருந்தேன்.

பயப்படுவது அவமதிப்பு இல்லை. சிறுவயதில் பெரிய வெள்ளி இரவு ஆசந்தி பவனியில், பாடையில் கிடத்தியிருந்த ஆண்டவர் சுரூபத்தைப் பார்த்துவிட்டு, "மூணாம் நாள் எழுந்து நம்ம வீட்டுக்கும் வருவாராம்மா?" என்று கேட்டு விடியவிடியத் தூங்காமல் கிடந்தவன் நான். நிக்கோலஸ் மெக்கார்த்தி எடுத்த ஈஸ்டர் கதையிலும் அதேதான். செத்தவர் உயிர்த்தார் என்கிறாள் அம்மா, குழந்தைகளுக்கு முட்டை கொண்டுவரும் ஈஸ்டர் முயல் ராத்திரி வரும் என்கிறாள். அந்தச் சிறுமிக்கு இரண்டும் சேர்ந்து ஒரே உருவமாக வந்து நிற்கிறது. அது கேலி இல்லை. ஒரு குழந்தை அப்படித்தான் நம்பும். நான் அப்படித்தான் நம்பினேன்.

குழந்தைகள் வந்திருந்தார்கள் என்கிறீர்கள். சரி, குழந்தைகளுக்கான படம் இல்லை என்று முன்பே அறிவித்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிறுத்தும்போது நீங்கள் சொன்ன காரணம் அது இல்லையே? "அப்படியொன்றும் பெரிய படம் இல்லை" என்கிறார் இன்னொருவர். 2016இல் வந்த படம், எட்டு பண்டிகைக்கு எட்டு கதை, வெவ்வேறு இயக்குநர்கள். ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும். கெவின் ஸ்மித்தின் ஹாலோவீன் எனக்கும் பிடிக்காது. அதற்காக ஐந்தாவது கதையை யாரும் பார்க்கக் கூடாதா?

அந்த ஐந்தாவது கதைக்காகத்தான் தம்பியைக் கூட்டி வந்தேன். அந்தோனி ஸ்காட் பர்ன்ஸ் எடுத்த தந்தையர் தினம். செத்துவிட்டதாக நினைத்த அப்பாவிடமிருந்து மகளுக்கு ஒரு கேசட் வருகிறது. அவர் குரல் சொல்லும் வழியிலேயே அவள் நடந்து போகிறாள். அவ்வளவுதான் கதை. நான் பார்த்த அன்று பாதியில் நிறுத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் அப்பா சவுதியில் இருந்தார். 1988 கிறிஸ்துமஸுக்கு, ஊருக்கு வந்த ஒருவர் கையில் கேசட் கொடுத்தனுப்பினார். குடில் கட்டியாச்சா, பூசைக்கு அம்மாவோட போ, தம்பியைத் தூக்கி மைக் பக்கத்துல அழ வைங்க, அடுத்த கேசட்ல அனுப்புங்க என்று பேசியிருந்தார். அடுத்த வருஷம் கேசட் வரவில்லை. அப்பாவும் வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் முதலில் வருவது பயம்தான். நட்சத்திரம் கட்டும்போதே அம்மா முகம் மாறிவிடும். இதைச் சொன்னால் பண்டிகையைக் கேவலப்படுத்தியதாகிவிடுமா? சொல்லுங்கள்.

தம்பிக்கு அப்பா என்றால் அந்தக் குரல் மட்டும்தான். அந்தக் கதையை அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீங்கள் விளக்கைப் போட்டுவிட்டீர்கள்.

திரும்பும்போது பஸ்ஸில், மிச்சக் கதையெல்லாம் என்ன என்று கேட்டான். சொன்னேன். நாலு ஸ்டாப் பேசவே இல்லை. அப்புறம், "அந்தக் கேசட் இன்னும் அம்மா பீரோல இருக்காண்ணே?" என்றான்.